தட்டும் தராசும்

அறம் எங்கே பிறக்கிறது? அறிஞர்தம் ஏடுகளிலே என்பார் சிலர். ஆன்றோர் அவையிலே என்பார் வேறு சிலர். கல்லூரியில் மூன்றாண்டுக் காலம் ஏடுகளைப் புரட்டியவன் நான். தேர்வெழுதினேன், பட்டம் பெற்றேன், ஆசிரியப் பணியும் ஏற்றேன். அதன் பிறகு, அறத்தைப்பற்றிய முதற்பாடம் எனக்கு எங்கே கிடைத்தது தெரியுமா, நண்பர்களே? அடுக்களையிலே! அதுவும் அம்மாவின் வாயிலிருந்து, ஒரே வரியிலே! இரண்டாம் பாடத்தைப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியிலே கற்றேன். அதைக் கற்பித்தவன் என் மாணவன், ஏழாம் வகுப்புச் சிறுவன். அந்த இரு பாடங்களையும் உங்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற ஆண்டு என் பிறந்த நாளன்று நண்பரொருவர் நூலொன்றைப் பரிசளித்தார். கவிதை நூலாக இருக்கும் என்று ஆவலோடு பிரித்தேன். சமையல் நூல்! புரட்டினேன். புலால் இல்லை, அது புதுமையன்று. பாலும் இல்லை, தயிரும் இல்லை, நெய்யும் இல்லை, முட்டையும் இல்லை, தேனும் இல்லை! "இத்தனையும் போனால் எஞ்சுவது இலையும் தழையும்தானே, நான் என்ன ஆடா?" என்று கேலி பேசினேன். நண்பர் சினம் கொள்ளவில்லை. "சமைத்துப் பார், பிறகு பேசு" என்றார். 1951-இல் மீனாட்சி அம்மாள் வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலின் பெயரும் 'சமைத்துப் பார்' என்பதுதான். அந்நூலிலே நெய்யும் தயிரும் தாராளம். நண்பர் தந்த நூலிலோ அவற்றுக்கு இடமே இல்லை. படித்துப் பாராமல் பழிப்பது பகுத்தறிவுக்கு அழகன்று. ஆகவே படித்தேன்.

இவ்வகை உணவை 'வீகன்' உணவு என்கின்றனர். பெயர் மிகப் பழையதன்று. 1944 நவம்பரிலே, உலகப்போரின் நெருப்பு அணையாத நேரத்திலே, பாலும் முட்டையும் பங்கீட்டு முறையிலே அளந்து தரப்பட்ட இங்கிலாந்திலே, டொனால்டு வாட்சன் என்பாரும் அவர்தம் நண்பர் சிலரும் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். வாட்சன் பெருஞ்செல்வரல்லர், பேரரசின் பெரும்புள்ளியுமல்லர். மாணவர்க்கு மரவேலை கற்பித்த ஆசிரியர் அவர். 'வெஜிடேரியன்' என்னும் சொல்லின் தலையையும் வாலையும் எடுத்து ஒட்டிப் புதுச்சொல் ஒன்று ஆக்கினர். ஏன் புதுச்சொல்? கொல்வது மட்டுந்தான் கொடுமையா, கன்றுக்குரியதைக் கறந்தெடுப்பது கொடுமையில்லையா என்ற கேள்வியைப் பழைய சொல் கேட்கவில்லை; அதனால்தான்! இரண்டாண்டு கழித்து, 1946-இல், ஃபே ஹெண்டர்சன் என்னும் பெண்மணி இவ்வுணவுக்கெனவே சமையல் நூலொன்றை வெளியிட்டார். அவர் செய்ததே பெருஞ்செயல் என்பேன். கொள்கை முழங்குவோரைப் பார்த்து, "சரி, நாளைக் காலை அடுப்பிலே எதை ஏற்றுவது?" என்று உலகம் கேட்கத்தானே செய்யும்!

தமிழிலே இதனை 'நனிசைவம்' என வழங்குகின்றனர். ஆக்கியோரின் நோக்கம் நல்லது. எனினும் அச்சொல் என் நாவில் ஏற மறுக்கிறது. சைவம் ஒரு சமயத்தின் பெயர். அது உணவின் பெயரானது. உடனே மற்றவன் உணவு 'அசைவம்' ஆயிற்று. பிறகு மற்றவனே ஒருபடி தாழ்ந்தவன் ஆனான். சோற்றுக்கு ஏது சமயம்? குழம்புக்கு ஏது குலம்? மரக்கறி உணவு என்ற பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறது. இலங்கைத் தமிழர் இன்றும் வழங்குகின்றனர். முழு மரக்கறி உணவு என்பேன். எவர் நெற்றிக்கும் குறி இடாத சொல் அது.

பாலிலே என்ன பாவம் என்று கேட்பீர்கள். பாவ புண்ணியக் கணக்கு நமக்கு வேண்டாம், நோவைப்பற்றிப் பேசுவோம். கன்று ஈன்றால்தான் பசுவுக்குப் பால். ஈனுகின்ற கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காளைக்கன்று. ஏர் இழுத்த காலம் போய் எந்திரம் உழும் காலம் வந்தபின், அந்தக் கன்றுக்கு மாட்டுக் கொட்டிலிலே என்ன வேலை? தீனிக்குச் செலவு, திரும்பி வரும் வரவு ஏதுமில்லை. இறந்த கன்றின் தோலிலே வைக்கோல் திணித்துத் தாயின்முன் நிறுத்திப் பால் கறந்த காட்சியை நம் ஊர்களிலே பார்த்தவர் பலர். உலகிலேயே மிகுதியாகப் பால் கறக்கும் நாடு இந்தியா. எருமை இறைச்சியைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடுகளிலும் ஒன்று. இரண்டும் இருவேறு செய்திகளல்ல. ஒரே செய்தியின் முன்பக்கமும் பின்பக்கமும்! கன்றை இழந்த பசுவுக்காக மகனையே தேர்க்காலில் இட்டான் சோழன் என்று மேடைதோறும் கதை சொல்வோம். கதை முடிந்ததும் கன்றின் பங்கைக் காப்பியிலே கலந்து குடிப்போம். விந்தையல்லவா இது!

இப்படி எண்ணுவது ஏதோ பக்தியின் விளைவு என்று கருதிவிட வேண்டாம். 1789-இல் வெளிவந்த தம் நூலிலே பெந்தாம் என்னும் ஆங்கில அறிஞர், விலங்குகள் சிந்திக்குமா, பேசுமா என்பதன்று கேள்வி, அவை துன்புறுமா என்பதே கேள்வி என்ற கருத்தை நிறுவினார். அவருக்கும் எண்ணூறு ஆண்டு முன்னே, சிரியா நாட்டிலே, 973-இல் பிறந்தவர் அல்-மஆர்ரி. இளமையிலே அம்மைநோயால் பார்வை இழந்த கவிஞர். மதங்களை எல்லாம் அறிவின் உரைகல்லிலே உரைத்துப் பார்த்து ஐயம் எழுப்பியவர். அவர் இறைச்சியை விட்டார், பாலை விட்டார், முட்டையை விட்டார், தேனையும் விட்டார். சொர்க்கம் தேடி விட்டாரில்லை. அந்த உயிர்களுக்கு இழைக்கப்படும் அநீதியை எண்ணி விட்டார். ஆயிரமாண்டு கழிந்தும் மதவெறியருக்கு அவர்மேல் சினம் தீரவில்லை. 2013-இல் அவருடைய சிலையின் தலையைத் துண்டித்தனர். கண்ணிழந்த ஒருவர் கண்ட உண்மையைக் கண்ணுடையோர் கண்டு நடுங்கினர்!

படித்தேன்; உள்ளம் நெகிழ்ந்தேன்; முடிவெடுத்தேன். ஞாயிறுதோறும் ஆட்டுக்கறி மணக்கும் வீடு எங்கள் வீடு. நாளுக்கு நான்கு குவளைக் காப்பி குடிப்பவன் நான். எல்லாவற்றையும் விட்டேன். வீரமாகத்தான் விட்டேன்! மறுநாள் காலையிலே நூலை எடுத்துக்கொண்டு அடுக்களை வாயிலில் நின்று, "அம்மா, இன்று முதல் எனக்கு இப்படிச் சமைக்க வேண்டும்" என்று அறிக்கை விடுத்தேன். தேங்காய்ப்பால் எடுக்க வேண்டும். நிலக்கடலை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைக்க வேண்டும். முந்திரியை விழுதாக்க வேண்டும் என்று பட்டியலும் படித்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"நல்லது தம்பி. இரக்கம் உனக்கு, இடுப்பு வலி எனக்கா?"

நண்பர்களே, ஆயிரம் மேடைகளிலே பெண்ணுரிமை பேசலாம். அந்த ஒரு வரிக்கு விடை சொல்லிவிட்டுப் பேசவேண்டும்! பசுவின் உழைப்பைச் சுரண்டுவது அநீதி என்று உணர்ந்த எனக்கு, இருபது ஆண்டுக்கு மேலாக எனக்காக அடுப்பிலே வெந்த தாயின் உழைப்பு கண்ணில் படவில்லையே! பிறர் கையால் சமைக்கப்படும் கருணை கருணையாகுமா? நான் துறக்க, அவர் உழைக்க, புகழ் மட்டும் எனக்கா? வெட்கினேன். நூலோடு அடுக்களைக்குள் நுழைந்தேன். அன்றுவரை அங்கே நான் சென்றதெல்லாம் தண்ணீர் குடிக்கத்தான்.

முதல் வாரம் தோல்வி வாரம். நிலக்கடலைத் தயிர் செய்தேன். ஒரு கோப்பைக் கடலையை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி, நீர்விட்டு அரைத்து, துணியிலே வடிகட்டி, பச்சை வாடை போகக் கிண்டிக் காய்ச்சி, இளஞ்சூட்டிலே காம்போடு கூடிய பச்சை மிளகாய் இரண்டைப் போட்டு மூடிவைக்க வேண்டும். மிளகாய்க் காம்பிலே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் பாலைத் தோய்க்கும். நான் அவசரக்காரன். சூடு ஆறுமுன்னே மிளகாயைப் போட்டேன், நுண்ணுயிர்கள் மாண்டன, தயிருக்குப் பதில் மிளகாய் மணக்கும் கடலைக் கஞ்சி கிடைத்தது. மூன்றாம் முறை தோய்ந்தது. அதிலே பூசணிக்காய் போட்டு மோர்க்குழம்பு வைத்தேன். அம்மா ஒரு கரண்டி ஊற்றிச் சுவைத்தார். "புளிப்பு போதாது" என்றார். அதற்குமேல் பாராட்டு அவர் பழக்கமன்று.

பிறகு துணிவு வந்தது. துணிவோடு சுவையும் வந்தது. பாசிப்பருப்பை அரைத்து, வெங்காயம், மிளகு, மஞ்சளோடு கறுப்பு உப்புச் சிறிது சேர்த்துத் தோசைக்கல்லிலே ஊற்றினால், முட்டை அடையின் மணம் வீடெல்லாம் கமழ்கிறது. மாயமன்று, அந்த உப்பிலுள்ள கந்தகத்தின் வேலை! கொண்டைக்கடலை வெந்த நீரை நுரைக்க அடித்தால் முட்டையின் வெண்கரு போலப் பொங்குகிறது. 2014-இல் பிரான்சு நாட்டுப் பாடகர் ஒருவர் கண்டு சொன்ன உத்தி அது. அதைக்கொண்டு நான் கேக் செய்யப் புறப்பட்டபோது அம்மா சிரித்தார். அந்த நீரிலே அவர் காலமெல்லாம் ரசம் வைத்து வருகிறார்! பலாப்பிஞ்சிலே பிரியாணி செய்தேன். தங்கை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். மேலும் ஓர் உண்மை புலப்பட்டது. இட்லி, சுண்டல், தேங்காய்ப்பாலோடு ஆப்பம், கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், புளிக்குழம்பு — இவையெல்லாம் அந்நிய நூல் கற்பிக்கும் முன்பே முழு மரக்கறி உணவுகள். நெய்யும் பாலும் செல்வர் வீட்டுச் சிறப்பு; ஏழையின் தட்டிலே அவை என்றைக்கு வழிந்தன?

இதுவரை சொன்னது முதற்பாடம். இனி இரண்டாவது.

உணவு மாறிய செய்தி தெருவிலே பரவிற்று. எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தி, "நல்ல வழிக்கு வந்துவிட்டீர்கள் தம்பி. இப்போதுதான் நீங்கள் சுத்தம்" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? புன்னகைத்தேன்! 'அப்படியானால் நேற்றுவரை நான் அழுக்கா? என் தாய் அழுக்கா?' என்று கேட்டிருக்க வேண்டிய நான், பாராட்டின் இனிப்பிலே மயங்கிப் புன்னகைத்தேன். பகுத்தறிவு பேசும் உள்ளத்திலும் பழைய நஞ்சு எவ்வளவு எளிதில் ஊறுகிறது, பாருங்கள்!

அந்த மயக்கத்தோடேயே வகுப்பறைக்குச் சென்றேன். உயிர்களிடத்து அன்பு என்பது அன்றைய பாடம். கன்றின் கதையைச் சொன்னேன்; மீன் மூச்சுக்குத் துடிப்பதைச் சொன்னேன்; நான் யாவற்றையும் விட்டுவிட்டதையும் சொன்னேன். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டனர். நல்ல பாடம் நடத்திவிட்டதாக நிறைவோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் நண்பகல். எல்லாரும் வரிசையாக அமர்ந்து உண்கின்றனர். ஒரு சிறுவனை மட்டும் காணவில்லை. தேடினேன். வேப்பமரத்துக்குப் பின்னே, சுவரைப் பார்த்தபடி, தூக்குப் பாத்திரத்தின் மூடியைப் பாதி மூடிக்கொண்டு, அவசர அவசரமாகச் சோற்றை விழுங்கிக்கொண்டிருந்தான். கருவாட்டுக் குழம்பு! என்னைக் கண்டதும் மூடியை முழுவதும் இறுக்கினான். என்ன நடந்தது என்று பிறகு அறிந்தேன். "சார் சொன்னது கேட்டதா? நீ பாவம் தின்கிறவன், தள்ளி உட்கார்" என்று பக்கத்திலிருந்த பிள்ளைகள் கூறினராம்.

தள்ளி உட்கார்! எத்தனை நூற்றாண்டுகளாக இந்த நாட்டிலே ஒலித்த சொல் அது! அதை ஒழிக்கவென்றே ஆசிரியனானவன் நான். என் வகுப்பறையிலே, என் வாயிலிருந்து, இரக்கத்தின் பெயரால் அது மீண்டும் பிறந்துவிட்டதே!

அன்றிரவு உறக்கம் இல்லை. எங்கே தவறினேன்? மீன் துடிப்பது பொய்யா? அன்று. கன்றின் துயரம் கற்பனையா? அதுவும் அன்று. உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் உண்மை எந்த மண்ணிலே விழுகிறது என்று பார்க்கத் தவறினேன். இந்த மண்ணிலே உண்ணாமைக்கு இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று இரக்கம், மற்றொன்று தீட்டு. இரக்கம் கேட்பது, 'இதனால் எந்த உயிருக்கு நோவு?' என்பது. தீட்டு கேட்பது, 'இதைத் தின்றவன் யார்?' என்பது. இரக்கம் தன் தட்டைப் பார்க்கும். தீட்டு அடுத்தவன் தட்டைப் பார்க்கும். பசு புனிதம் என்று சொல்லி எருமையை மறப்பது தீட்டின் கணக்கு. இரண்டின் கண்ணீரும் ஒன்றே என்பது இரக்கத்தின் கணக்கு. மாட்டிறைச்சியைத் தீண்டாமையோடு பிணைத்த வரலாற்றை அம்பேத்கர் 1948-இல் தம் நூலொன்றிலே ஆராய்ந்தார். 2015-இல் உத்தரப்பிரதேசத்தின் தாத்ரிப் பகுதியிலே, மாட்டிறைச்சி வைத்திருந்தார் என்ற ஐயத்தின்பேரில் ஒரு மனிதரைக் கும்பல் அடித்துக் கொன்றது. விலங்கின் பெயரால் மனிதனைக் கொல்வது கருணையா? கருணையின் தோலிலே திணித்த வைக்கோல் அது!

"அப்படியானால் அவரவர் உணவு அவரவர் விருப்பம் என்று விட்டுவிடலாமே, அறம் என்ற பேச்சே எதற்கு?" என்று நீங்கள் வினவலாம். விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. சுவை வேறு, அறம் வேறு. புளிப்பா இனிப்பா என்பது விருப்பம். நோவு தருவதா தவிர்ப்பதா என்பது பொறுப்பு. ஆனால் பொறுப்பு எல்லார்க்கும் ஒரே எடையன்று. தேர்ந்தெடுக்கும் வசதி எவனுக்கு உண்டோ அவனுக்கே முதற்பொறுப்பு. வள்ளுவர் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் துறவறவியலிலே வைத்தார். விரும்பி ஏற்போன் தன்மேல் விதித்துக்கொள்ளும் நோன்பு அது என்றே நான் பொருள் கொள்கிறேன். பசித்தவன்மேல் வீசும் சவுக்கன்று அது.

ஆகவேதான், பிள்ளைகளின் சத்துணவு முட்டையிலே கைவைக்க வருவோரை நான் எதிர்ப்பேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளிலே வாரத்தில் ஐந்து நாள் முட்டை வழங்கப்படுகிறது. 2015-இல் மத்தியப் பிரதேசத்து முதல்வர், அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை தரும் திட்டத்தை மறுத்தார். நான் முட்டையை விட்டது என் முடிவு. ஊட்டமின்றி வாடும் குழந்தையின் கையிலிருந்து அதைப் பறிப்பது கொடுமை. இணையான ஊட்டத்தை முன்னே வைக்காமல் இருப்பதைப் பிடுங்குவோனுக்குக் கருணை என்ற சொல்லை உச்சரிக்கும் உரிமை இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முழு மரக்கறி உணவு எல்லா நோயும் தீர்க்கும் என்று மந்திரம்போல் ஓதுவோர் உளர். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. வைட்டமின் பி12 தாவர உணவிலே போதிய அளவு கிடைப்பதில்லை. குறைந்தால் நரம்பும் குருதியும் கெடும். நான் மாத்திரை உட்கொள்கிறேன், அதை மறைப்பதில்லை. குறையை மறைத்துக் கொள்கை பரப்புவது மதவாதியின் வேலை, நம் வேலையன்று.

அடுத்த நாள் வகுப்பிலே எழுந்து நின்று சொன்னேன்: "நேற்று முன்தினம் நான் பாதிப் பாடம்தான் நடத்தினேன். உயிர்களிடத்து அன்பு காட்ட வேண்டும் என்றேன். பக்கத்தில் அமர்ந்திருப்பவனும் உயிர்தான் என்று சொல்ல மறந்துவிட்டேன். மறந்தது என் பிழை." வகுப்பு அமைதியாயிற்று. அன்று நண்பகல் என் தூக்குப் பாத்திரத்தோடு வேப்பமரத்தடிக்குச் சென்று அச்சிறுவன் பக்கத்திலே அமர்ந்தேன். எனக்குக் கடலைத் தயிர்ச் சோறு. அவனுக்குக் கருவாட்டுக் குழம்பு. நெடுநேரம் பேசாமல் உண்டான். பிறகு மெல்லக் கேட்டான்:

"சார், எங்க வீட்ல பாலே வாங்குறதில்ல சார். அப்படின்னா நாங்களும் கொஞ்சம் நல்லவங்களா சார்?"

என்ன விடை சொல்வேன்? நேற்றுவரை நாளுக்கு நான்கு காப்பி குடித்தவன் நான். விழா நாளிலே பட்டு வேட்டி உடுத்தியவன், புழுவை அவித்து எடுத்த நூல் அது என்று எண்ணாமலே! பால் வாங்கப் பணமில்லாத அவன் வீட்டார், கன்றுக்கு இழைத்த தீங்கு என்னுடையதைவிட எவ்வளவோ குறைவு. தராசைத் தூக்கிய நான் முதலில் நிறுக்க வேண்டியது என்னையல்லவா! "நீங்கள் நல்லவர்கள்தான், நான்தான் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன்" என்றேன். அவன் மூடியை முழுவதும் திறந்து வைத்தான். என் தயிர்ச் சோற்றிலே ஒரு பிடி கேட்டான். தின்றான். முகம் சுளித்தான். "கருவாடுதான் சார் நல்லாருக்கு" என்றான். இருவரும் சிரித்தோம்.

இன்றும் நான் அந்நூலைப் பார்த்துச் சமைக்கிறேன். நூலின் பக்கங்களிலே மஞ்சள் கறை ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அடுக்களை முழுவதும் என் பொறுப்பு. அம்மா திண்ணையில் அமர்ந்து ஏடு படிக்கிறார். அவருக்கு வேண்டுமென்றால் ஆட்டுக்கறியும் உண்டு. பாத்திரம் கழுவுவது நான்தான்.

இளைஞர்களே! இரக்கம் உண்மையானால் அடுக்களைக்கு வாருங்கள். அரைத்துப் பாருங்கள், கிண்டிப் பாருங்கள், கருக விட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். கொள்கையை உங்கள் கையால் சமையுங்கள். சமைத்ததைப் பக்கத்துத் தட்டுக்காரனோடு பகிர்ந்துண்ணுங்கள். அவன் ஏற்றால் மகிழுங்கள், மறுத்தாலும் அவனருகிலேயே அமருங்கள். தட்டைத் தராசாக்கி மனிதனை நிறுக்க வேண்டாம். அந்தத் தராசை உடைப்பதற்குத்தான் நாம் அறிவு என்னும் கருவியைக் கையிலெடுத்தோம். அதைக்கொண்டே இன்னொரு தராசு செய்துவிடக் கூடாது!